கேப்பையில் நெய் வடிகிறது

வெள்ளைக்காரன் காலத்தில் ஜில்லாவுக்கு நாலு பேருக்கு ராவ்பகதூர் பட்டம் கொடுப்பார்கள். பட்டம் வாங்கியவருக்கு நிலம் ஒரு குழி கூடாது, கலெக்டருக்கு விருந்து வைக்கிற செலவு மட்டும் கூடும். 2023 பிப்ரவரியில் ராகிக்கும் அப்படியொரு பட்டம் கிடைத்தது. நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பட்ஜெட் உரையில் சிறுதானியங்கள் அனைத்துக்கும் 'ஸ்ரீ அன்னா' என்று திருநாமம் சூட்டினார். 2018 ஏப்ரலிலேயே அரசிதழில் ஒரு பதவி உயர்வு வந்திருந்தது. அதுவரை முரட்டுத் தானியம் என்ற வகுப்பில் கிடந்தது, அன்று முதல் சத்துத் தானியம் ஆனது. கெஜட்டில் பெயர் வந்தாயிற்று, ஸ்ரீயும் சேர்ந்தாயிற்று. தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளிப் பக்கத்து மானாவாரிக் கொல்லையில் நிற்கிற ராகிக்குத்தான் இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

பட்டாபிஷேகம் அமர்க்களமாகத்தான் நடந்தது. 2022 டிசம்பர் 20-ஆம் தேதி நாடாளுமன்ற வளாகத்தில் உறுப்பினர்களுக்குச் சிறுதானிய விருந்து. ராகி இட்லி, ராகி தோசை, கம்பு ரொட்டி, பிரதமர் முன்னிலையில். 2023-ஐ உலகச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா. கொண்டாடியது, தீர்மானம் கொண்டுபோனது நாம்தான். அந்த செப்டம்பரில் டில்லி ஜி-20 விருந்தில் உலகத் தலைவர்களுக்கு வெள்ளிப் பாத்திரங்களில் தினை மொறுமொறுப்பு, சாமைச் சீவல், குதிரைவாலிப் பாயசம். பிரதமரின் குரலும் கலந்த ஒரு சிறுதானியப் பாட்டு கிராமி விருதுக்கே பரிந்துரையானது. விருது கிடைக்கவில்லை. போகட்டும், பாட்டுக்காவது ஒரு போட்டியில் இடம் கிடைத்தது. விளைவித்தவனுடைய மூட்டைக்குத் தராசிலேயே இடம் கிடைப்பதில்லை.

கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்கு மதி எங்கே போயிற்று என்பார்கள் நம் பெரியவர்கள். இப்போது நெய் வடிவதை மத்திய அமைச்சரவை ஆண்டுதோறும் அறிவிக்கிறது. குறைந்தபட்ச ஆதார விலைப் பட்டியலைப் பாருங்கள். 2018-19-இல் ராகி குவிண்டாலுக்கு 2,897 ரூபாய். 2022-23-இல் 3,578. 2024-25-இல் 4,290. 2025-26-இல் 4,886. சாதாரண ரக நெல்லுக்கு அதே ஆண்டு 2,369. அதாவது காகிதத்தில் ராகி நெல்லைவிட இரண்டு மடங்குக்கு மேல் உசத்தி. இந்தக் கணக்கை டில்லியிலிருந்து பார்க்கிறவன், தருமபுரி மாவட்டத்து விவசாயி வீட்டில் தங்கத் தட்டில் களி தின்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வான்.

ஆதார விலை என்பது, அந்த விலைக்கு வாங்க ஒரு ஆள் இருந்தால்தான் விலை. இல்லாவிட்டால் அது ராசி பலன்.

வாங்குகிற ஆள் யார் என்று பார்ப்போம். பாலக்கோடு வட்டத்தில் ஆடியில் நாலு தூறல் விழுந்தால் ராகி விதைப்பார்கள். கூடவே சால் விட்டு அவரையும் துவரையும். கார்த்திகை, மார்கழியில் கதிர் அறுப்பு. களத்தில் அடிப்பதெல்லாம் குறைந்துவிட்டது. தார்ரோட்டிலேயே கதிரைப் பரப்பிவிடுகிறார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி இறங்கி இலவசமாகப் போரடித்துக் கொடுக்கின்றன. கிராமத்து விவசாயத்துக்கு நெடுஞ்சாலைத் துறை நேரடியாகச் செய்கிற ஒரே உதவி இதுதான். தெரிந்து செய்வதில்லை என்பது வேறு விஷயம். தூற்றி மூட்டை கட்டியதும் வாசலுக்கே வியாபாரி வருவார். தராசு அவருடையது, சாக்குக் கழிவு அவர் வைத்தது, மண் இருக்கிறது, தூசி இருக்கிறது என்று பிடிக்கிற கிலோக் கணக்கும் அவர் வாயில் வருவதுதான். ஆனால் ஒன்று, கையில் காசு வைப்பார். டிராக்டர்காரனுக்கும் கூலிக்கும் கடைக்காரனுக்கும் பதில் சொல்ல வேண்டியவன் அன்றைக்கே விற்கிறான். ஆதார விலையைச் சொல்லிக் கேட்டால், "அங்கயே போய்ப் போடுங்களேன்ணா, நானா வேணாங்கறேன்?" என்று சிரிப்பார். அவர் சிரிப்பில் நியாயம் உண்டு. 'அங்க' போய்வந்தவர்களை அவருக்குத் தெரியும்.

அங்கே என்பது அரசின் நேரடி கொள்முதல் நிலையம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நுகர்பொருள் வாணிபக் கழகம் ராகி எடுக்கிறது, பொய்யில்லை. மையங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், அதுவும் பொய்யில்லை. நெல்லுக்கு டெல்டாவில் ஊருக்கு ஊர் நிலையம். (அங்கேயும் மூட்டைக்கு இவ்வளவு என்று வாங்குவதும், மழையில் நனைந்து நெல் முளைப்பதும் தனிக் கதை. ஆனாலும் திட்டுவதற்காவது அங்கே ஒரு நிலையம் இருக்கிறது.) புன்செய்க்காரன் ஐந்து மூட்டையைக் குட்டியானை வேனில் ஏற்றிக்கொண்டு வாடகை கொடுத்துப் போக வேண்டும். போவதற்கு முன் சிட்டா, அடங்கல், ஆதார், பாங்கு பாஸ்புக். சிட்டா தாத்தா பெயரில் இருக்கும். தாத்தா இறந்து ரொம்ப நாளாகியிருக்கும். அடங்கலில் இந்த வருஷப் பயிர் ஏறாமல் போன வருஷத் தக்காளியே நிற்கும். ராகி விளைந்தது கண்ணுக்குத் தெரியும், கிராமக் கணக்குக்குத் தெரியாது. வாரத்துக்கும் குத்தகைக்கும் உழுகிறவனுக்கு எந்தக் காகிதமும் கிடையாது. அவன் சட்டப்படி விவசாயியே இல்லை, பொழுதுபோகாமல் ராகி விளைவிக்கிறவன்.

எல்லாம் சரியாகி மூட்டையை இறக்கினால் ஈரப்பதமானி வரும். பன்னிரண்டு சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கக் கூடாது. தை மாசத்துப் பனியில் விடிய விடிய மூட்டை கிடந்திருக்கும்.

"ஈரம் பதிமூணு காட்டுதே."

"நேத்து முழுக்கக் காய வச்சுதாங்க சார் கட்டினேன்."

"மழை கிழை பேஞ்சிருக்கும்."

"மழை பேஞ்சிருந்தா நான் எதுக்குங்க ராகி போடறேன்? நெல்லு நட்டிருக்க மாட்டேனா?"

வறட்சி மாவட்டத்தில் ஈரம் அதிகம் என்று சரக்கைத் திருப்பி அனுப்புகிற ஒரே இடம் இதுதான். வானம் கொடுக்காத ஈரத்தைக் கருவி கண்டுபிடித்துவிடுகிறது. குட்டியானை திரும்பி வருகிறது, இரண்டு நடை வாடகையோடு. மறுநாள் காலை அதே வியாபாரி, அதே தராசு. விலை மட்டும் நேற்றையதில்லை.

சரி, விளைவிக்கிறவன் தலையெழுத்து அப்படி. தின்கிறவன் கதை என்ன? 2023 மே மாதம் தமிழக அரசு ஒரு நல்ல காரியம் தொடங்கியது. நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் கடைகளில் மாதம் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு. மனசாரப் பாராட்ட வேண்டிய திட்டம். பாராட்டிவிட்டுச் சரக்கு எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால், உள்ளூரில் எடுத்தது போதவில்லையாம். இந்திய உணவுக் கழகம் கர்நாடகத்தில் கொள்முதல் செய்ததை அனுப்பி வைத்தது. ராகி விளைகிற மாவட்டத்தின் ரேஷன் கடைக்கு வெளி மாநிலத்து ராகி! நம் வியாபாரி வாங்கிய ராகி எங்கே போகிறது? பெரும்பாலும் பெங்களூர்ப் பக்கத்து மில்லுக்கு. ஒரு லாரி அங்கே போக, ஒரு லாரி இங்கே வர, ஜூஜூவாடிச் சோதனைச்சாவடி அருகே இரண்டும் எதிரெதிரே வந்தால் டிரைவர்கள் ஹெட்லைட்டைச் சிமிட்டி வணக்கம் சொல்லிக்கொள்ளலாம். இதற்குப் பெயர் விநியோகச் சங்கிலியாம். டீசல் விற்கிறவனைத் தவிர இதில் யாருக்கு லாபம் என்று கணக்கெடுத்தால் பெங்களூர் மில்காரர் மட்டும் கை தூக்குவார்.

கர்நாடகத்தின்மேல் கோபப்பட ஒன்றுமில்லை. அவர்கள் ஆதார விலைக்கு ராகியை லட்சக்கணக்கான டன் வாங்குகிறார்கள், தென் மாவட்டங்களின் ரேஷனில் போடுகிறார்கள், மிஞ்சுவதை மத்தியத் தொகுப்புக்குத் தருகிறார்கள். அங்கும் வரிசையும் தகராறும் உண்டு. ஆனால் வாங்குகிறார்கள். ஒடிசா 2017-இல் மில்லட் மிஷன் ஆரம்பித்து, ஆதிவாசிக் கிராமங்களுக்குப் பக்கத்திலேயே மண்டி போட்டு, ராகி எடுத்து ரேஷனில் கொடுத்தது. கியோஞ்சர் மாவட்டத்து அங்கன்வாடிக் குழந்தைகள் ராகி லட்டு தின்கிறார்கள். அங்கே யாரும் கிராமி வாங்கவில்லை.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஐந்தாம் வகுப்புக் குழந்தையும் போட்டுவிடும். பெரிய படிப்புப் படித்தவர்களுக்குத்தான் கஷ்டம். ஆயிரம் கார்டு உள்ள ஒரு ரேஷன் கடை. கார்டுக்கு மாதம் இரண்டு கிலோ என்றால் மாதத்துக்கு இரண்டு டன், வருஷத்துக்கு இருபத்துநாலு டன், அதாவது 240 குவிண்டால். மானாவாரியில் சுமாரான வருஷத்தில் ஏக்கருக்கு ஆறு குவிண்டால் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது ஏக்கர். ஒரு கடைக்கு ஒரு வருஷத்துக்கு வேண்டிய ராகிக்கு நாற்பது ஏக்கர் போதும். அது அந்தக் கடை இருக்கிற ஊரின் எல்லைக்குள்ளேயே கிடக்கிறது. மாட்டு வண்டி போதும். ராகியில் அவ்வளவு லேசில் பூச்சி விழாது. குழி வெட்டிப் போட்டுப் பஞ்ச காலத்தில் எடுத்துத் தின்ற தானியம் அது. குளிர்பதனக் கிடங்கு வேண்டாம், உலக வங்கிக் கடன் வேண்டாம், ஆலோசனை நிறுவனத்தின் அறிக்கை வேண்டாம். ஒருவேளை அதனால்தான் நடக்கவில்லையோ என்னவோ. டெண்டருக்கு வழியில்லாத திட்டத்துக்கு நம் நாட்டில் திறப்பு விழா கிடைப்பது அபூர்வம்.

இந்த மண்ணின் தானியம் வெளியே போவதும், போன பிறகு உள்ளே இருப்பவனுக்கு உபதேசம் வருவதும் நேற்று ஆரம்பித்ததில்லை. தருமபுரி அன்று சேலம் ஜில்லாவில் இருந்தது. 1871 கணக்கெடுப்பில் சேலத்தின் மக்கள்தொகை 19,66,995. 1881-இல் 15,99,595. நடுவில் வந்தது தாது வருஷப் பஞ்சம். மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தலைகளைக் கணக்கிலேயே காணோம். பஞ்சம் தொடங்கிவிட்ட 1877 ஜனவரி முதல் தேதி வைசிராய் லிட்டன் பிரபு டில்லியில் விக்டோரியாவைச் சக்கரவர்த்தினியாகப் பிரகடனம் செய்து ஒரு வாரம் விருந்து வைத்தார். நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் சில்லறையும் போதும் என்று அவர் அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள் நிர்ணயித்தார். அது உயிர் தரிக்கப் போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் முட்டி மோதினார். தானியம் அப்போதும் ரயிலேறிப் போய்க்கொண்டுதான் இருந்தது. விலை ஏறினால் சரக்கு தானாக வரும் என்பது அன்றைய துரைமார்களின் வேதம். காசு இல்லாதவன் ஊரில் விலை ஏறினால் சரக்கு வராது, ஊரில் இருப்பதும் போகும் என்பது வேதத்தில் விட்டுப்போன சுலோகம்.

பிறகு பிராயச்சித்தமாக ஒரு சின்ன ரயில் விட்டார்கள். மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இல் குறுகிய பாதை, 1913-இல் ஓசூர் வரை நீட்டிப்பு. பஞ்சகாலத்தில் தானியம் கொண்டுவரப் போட்ட பாதை அது. இரண்டாம் உலகப் போர் வந்ததும் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். மொரப்பூர்–தருமபுரிக்கு அகலப் பாதை போட 2019-இல், தேர்தலுக்கு முன்னால், அடிக்கல் நாட்டினார்கள். அடிக்கல் என்பது நம் மாவட்டத்தில் நன்றாக விளைகிற பயிர். தண்ணீர் கேட்காது.

தண்ணீர் என்றதும் ஞாபகம் வருகிறது. பஞ்சப்பள்ளி சின்னாறு அணை பக்கத்தில்தான் இருக்கிறது. நிரம்பினால் செய்தி, வறண்டால் வழக்கம். அளியாளத்திலிருந்து தூள்செட்டி ஏரிக்கு, எண்ணேகொல்புதூரிலிருந்து தும்பலஹள்ளிக்கு என்று கால்வாய்ப் பெயர்கள் எல்லாத் தேர்தல் மேடையிலும் ஓடும். ஒகேனக்கல் உபரி நீரை ஏரிகளுக்குத் திருப்பும் வாக்குறுதியும் அப்படியே. 2016-இல் வடகிழக்குப் பருவமழை அறுபது சதவீதத்துக்கு மேல் பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி பாதித்ததாக அறிவித்தார்கள். அறிவிப்பு வந்தபோது கருகியது கருகி முடிந்திருந்தது. பாலக்கோட்டுக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்புப் பஞ்சம் வந்ததும் இந்தத் தண்ணீர்க் கதையால்தான். இருக்கிற மழைக்குப் பிழைக்கிற பயிர் ராகி என்பது விவசாயிக்குத் தெரியும். ஆனாலும் போர் போட்டுத் தக்காளி வைக்கிறான். விலை நின்றால் இரண்டு மூன்று மாதத்தில் கையில் பணம்; நிற்காவிட்டால் ரோட்டோரத்தில் கொட்டிவிட்டுப் போவான். ராகியில் விலை உத்தரவாதம் இருந்திருந்தால் இந்தச் சூதாட்டத்துக்கு அவன் ஏன் வருகிறான்? கொட்டின தக்காளியைப் படம் பிடித்துப் போட்டு 'விவசாயிக்குத் திட்டமிடத் தெரியவில்லை' என்று எழுதுகிற புண்ணியவான்களும் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு சீசன் இங்கே வந்து திட்டமிட்டுக் காட்டலாம்; கொல்லை குத்தகைக்குக் கிடைக்கும்.

ரேஷனில் அரிசி போட்டதைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கொடி பிடிக்க வேண்டாம். 1967-இல் ரூபாய்க்குப் படி அரிசி என்றுதான் ஓர் ஆட்சியே வந்தது. 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். பசி என்கிற சொல்லை இந்த மாவட்டத்தின் பல வீடுகளிலிருந்து துரத்தியது அந்த அரிசிதான். அதில் கை வைக்கிறவன் விளங்க மாட்டான். ஆனால் அரிசியைக் கொடுத்த அதே கை, பக்கத்தில் விளைந்த ராகியையும் வாங்கிப் போட்டிருக்கலாமே? இலவச அரிசி வீட்டுக்கு வந்தால் காசு கொடுத்து ராகி வாங்குகிறவன் யார்? உள்ளூரில் ராகிக்குத் தேவை விழுந்தது, விதைப்பு சுருங்கியது. களி என்றாலே ஜெயில் என்றாகிவிட்டது. சினிமாவில் வில்லனிடம் போலீஸ்காரர் 'களி திங்க வைக்கிறேன் பார்' என்று மிரட்டும்போது கைதட்டிச் சிரித்தது, அன்று காலை களி தின்றுவிட்டு டூரிங் கொட்டகைக்கு வந்த கூட்டம்தான். இப்படி வெட்கப்பட வைத்து ஒழித்த பிறகு, பெரிய டாக்டர்கள் வந்து நூறு கிராமில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து, சர்க்கரைக்கு நல்லது என்று நமக்கே பாடம் நடத்துகிறார்கள்.

பாடம் கேட்ட நகரத்துக்காரர் வாங்குகிறார், அதில் தப்பில்லை. முளைகட்டிய ராகி மாவு, ராகி மால்ட், ராகி குக்கீஸ். அரைக் கிலோ பாட்டில் விலைக்கு மாரண்டஹள்ளியில் சில கிலோ ராகி வாங்கலாம். இடையில் இருக்கிற வித்தியாசம் எல்லாம் முளைத்ததற்கும், முளைத்ததைப் படம் போட்ட லேபிளுக்கும். அரசும் சும்மா இல்லை. 2023 அக்டோபரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடி, எழுபது சதவீதத்துக்குக் குறையாமல் சிறுதானியம் கலந்த மாவை உதிரியாக விற்றால் வரி இல்லை, பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டி விற்றால் ஐந்து சதவீதம் என்று முடிவு செய்தது. பதினெட்டிலிருந்து ஐந்தாகக் குறைத்தோம் என்று பெருமை வேறு. சிறுதானிய ஆண்டு முக்கால்வாசி முடிந்த பிறகுதான் சிறுதானியக் கலப்பு மாவுக்குப் பதினெட்டு சதவீதம் வாங்கிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்ததாக்கும்! மகளிர் குழு பாலக்கோட்டில் மாவு அரைத்துப் பொட்டலம் போட்டாலும் அதே வரி விகிதம், பெங்களூர்ப் பெரிய கம்பெனிக்கும் அதே விகிதம். சமத்துவம்.

செய்ய வேண்டியது என்ன என்று கேட்பவர்களுக்கு: தமிழ்நாட்டில் பெரும்பாலான ரேஷன் கடைகளை நடத்துவது கூட்டுறவுச் சங்கங்கள்தான். அதே சங்கம்தான் உரம் விற்கிறது, பயிர்க்கடன் கொடுக்கிறது. எந்த விவசாயி எத்தனை ஏக்கரில் என்ன போட்டான் என்பது கடன் மனுவிலேயே இருக்கிறது. தராசு இருக்கிறது, ஒரு அறை இருக்கிறது, சம்பளம் வாங்குகிற செயலாளர் இருக்கிறார். மார்கழி பிறந்ததும் அங்கேயே ராகியை ஆதார விலைக்கு எடுங்கள். ஈரம் பதிமூன்று காட்டினால் வாசலில் இரண்டு நாள் காய வைக்க இடம் கொடுங்கள், வண்டியைத் திருப்பாதீர்கள். குத்தகைக்காரன் சரக்கைப் பக்கத்துக் கொல்லைக்காரன் சாட்சியில் எடுங்கள். பணத்தை மூன்று நாளில் போடுங்கள், வியாபாரியோடு போட்டி போட அது ஒன்றுதான் வழி. அந்த ராகியை அந்தக் கடையிலேயே போடுங்கள். மிஞ்சினால் அரசுப் பள்ளி விடுதிக்கும் அங்கன்வாடிக்கும்.

இதற்குச் சட்டம் திருத்த வேண்டாம். ஒரு அரசாணை, ஒரு நிதி ஒதுக்கீடு.

அதுவரைக்கும் மாரண்டஹள்ளிப் பக்கம் ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் களி உருண்டையும் கீரைக் குழம்பும் கேட்டு வாங்கித் தின்பார்கள், கேமராவுக்கு முகம் காட்டி. தாராளமாகப் போடுங்கள், விருந்தோம்பலில் நாம் குறை வைப்பதில்லை. முதல் உருண்டை உள்ளே போவதற்கு முன் மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள்: என்ன விலைக்கு எடுப்பீர்கள்? எங்கே எடுப்பீர்கள்? எத்தனை நாளில் பணம் தருவீர்கள்? பதில் வரவில்லையென்றால் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுங்கள்.